பழைய தமிழ் காமிக்ஸும் பெயர் போடாத ஓவியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970கள், 80களில் வந்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களைத் தேடி வாங்குகிறவர்களுக்கும், பரணில் ஒரு கட்டு கிடைத்து என்ன செய்வதென்று முழிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். அந்த இதழ்களில் பதிப்பாளர் பெயர் இருக்கும், அச்சக முகவரி இருக்கும், அடுத்த வெளியீட்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். படம் வரைந்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே இங்கே பாதிக் கேள்விகள் ஓவியர்களைப் பற்றியவை. மீதி, அவர்கள் வரைந்தது அச்சான தாளைப் பற்றியவை.

ஒரு கட்டு பழைய காமிக்ஸ் கைக்கு வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் ஒட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். இந்த மூன்றிலும் கெட்டுப்போன இதழ்கள் கரையான் தின்றவற்றைவிட அதிகம்.

கட்டைப் பிரித்து, வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல், வாய் மூடும் பிளாஸ்டிக் பைகளில் தனியாக வையுங்கள். பூச்சி இருந்தால் அது அங்கேயே நிற்கும். பிறகு ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: இதழின் பெயர், வெளியீட்டு எண், கதைத் தலைப்பு, விலை, முகவரி, பக்க எண்ணிக்கை, அட்டையின் நிலை.

பக்கங்களை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதுகில் பின் அடித்த இதழில் ஒவ்வொரு தாளும் இரண்டாக மடிக்கப்பட்டு நான்கு பக்கமாகிறது. எனவே அட்டை நீங்கலாக மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். இரண்டு மிஞ்சினால் ஓர் இலை கிழிந்திருக்கிறது என்று பொருள். சரியாக வகுபட்டாலும் நிம்மதி அடைய முடியாது. பின் தளர்ந்தால் நடுத்தாள் நான்கு பக்கத்தோடு மொத்தமாகக் கழன்றுவிடும், கணக்கு உதைக்காது. நடுப்பக்கத்தைத் திறந்து, கதை தாண்டாமல் போகிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

இரும்புக்கை மாயாவியும் ராணி காமிக்ஸ் மாயாவியும் ஒருவரா?

இல்லை. கடைக்காரர்கள்கூட இதைக் குழப்பி விற்பார்கள்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி ஒரு பிரிட்டிஷ் பாத்திரம். பெயர் லூயிஸ் கிராண்டேல், வலது கை எஃகு, மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடம்பு முழுவதும் மறைந்துவிடும். மூலத்தில் அவர் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கிய தொடர். ராணி காமிக்ஸ் 'முகமூடி வீரர் மாயாவி' என்று அழைத்தவர் அமெரிக்கப் பாத்திரமான 'தி ஃபான்டம்'. லீ ஃபாக் 1936இல் உருவாக்கியது. முத்து காமிக்ஸ் வாசகர்கள் இதே ஆளை வேதாளர் என்பார்கள். ஆகவே 'மாயாவி கதை வேண்டும்' என்று கேட்டு வாங்கும்போது இதழின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரும்புக்கை மாயாவியை வரைந்தது யார்?

வார இதழ்த் தொடரை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1995இல் மறைந்தார். இங்கிலாந்து இதழுக்கு ஸ்பெயினிலிருந்து வரைந்து அனுப்பிய பல ஓவியர்களில் அவரும் ஒருவர். எழுதியவர் முதலில் கென் பல்மர், பின்னர் டாம் டல்லி.

பிளாஸ்கோவின் கையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பேனாவைவிடத் தூரிகையை நம்பியவர். இரவுக் காட்சிகளில் முகத்தின் பாதியைக் கறுப்பில் தள்ளிவிட்டு மீதியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கூட்டத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் பத்து முகம் இருக்கும். அச்சில் வார்த்ததுபோல ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் போட மாட்டார். மறைந்துபோன மனிதனை வரைவதில் அவர் செய்ததைக் கவனியுங்கள்: அந்தரத்தில் ஒரு கை மட்டும்தான் தெரியும், ஆனால் மணிக்கட்டின் திருப்பத்தை வைத்தே ஆள் ஓடுகிறாரா, பதுங்குகிறாரா, தள்ளாடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

ஆனால் தமிழில் வந்த எல்லா மாயாவிக் கதைகளும் அவர் வரைந்தவை அல்ல. 1967இல் 'வேலியன்ட்' இதழை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனம் 'சூப்பர் லைப்ரரி' என்று சுமார் 130 பக்கப் பாக்கெட் நூல்களைத் தொடங்கியது. அதிலிருந்த மாயாவிக் கதைகள் வேறு ஓவியர்கள் வரைந்தவை. முத்துவின் ஜானி நீரோவும் லாரன்ஸ் – டேவிட் ஜோடியும் வந்தது அந்த நூல்வரிசையிலிருந்துதான். 'இந்த மாயாவியின் முகம் வேறு மாதிரி இருக்கிறதே' என்று சின்ன வயதில் தோன்றியிருந்தால், தோன்றியது சரி.

பெயரே அச்சாகாத கதையில் ஓவியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மூலம் எது என்று பிரிக்க வேண்டும். அதற்குக் கட்டங்களின் அளவு போதும்.

பக்கத்துக்குப் பக்கம் ஒரே உயரக் கட்டங்கள் வரிசையாக வந்து, மூன்று நான்கு கட்டத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன திடுக்கிடல் வந்தால், அது செய்தித்தாளில் தினமும் ஒரு பட்டையாக வந்த தொடர். மாண்ட்ரேக், வேதாளர், ரிப் கிர்பி, காரிகன், மாடஸ்டி, ஜேம்ஸ் பாண்ட் எல்லாம் இந்த வகை. பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கட்டத்தின் கீழ் ஓரத்தையும் பாருங்கள். அமெரிக்கத் தொடர்களில் '6-14' போல மாதமும் தேதியும் பொடி எழுத்தில் இருக்கும், பக்கத்தில் சிண்டிகேட்டின், அதாவது தொடரைப் பல செய்தித்தாள்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கும். மாடஸ்டியில் தேதிக்குப் பதில் பட்டையின் வரிசை எண். தமிழில் ஒட்டும்போது பல இடங்களில் இவற்றை வெள்ளையடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் அழிக்கப் பொறுமை யாருக்கும் இருந்ததில்லை, ஒன்றிரண்டு தப்பியிருக்கும். தேதி கிடைத்துவிட்டால் ஓவியரைக் கண்டுபிடிப்பது எளிது:

வேதாளர்: 1936இல் தொடங்கியபோது ரே மூர், அவருக்குப் பின் வில்சன் மெக்காய், 1961 முதல் 1994 வரை சை பேரி. நிழலும் புகையும் கலந்த மங்கலான காடு என்றால் மூர். தட்டையான, குழந்தை ஓவியம் போன்ற எளிய கோடு என்றால் மெக்காய். தசை தெரியும் திருத்தமான உடல் என்றால் பேரி.

மாண்ட்ரேக்: 1934 முதல் ஃபில் டேவிஸ், அவர் 1964இல் இறந்தபின் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ். டேவிஸின் மாண்ட்ரேக் மேடைக் கலைஞன். பட்டுத் தொப்பி பளபளக்கும்.

ஜேம்ஸ் பாண்ட்: ஜான் மெக்லஸ்கி 1958இல் தொடங்கினார், 1966இல் யாரோஸ்லாவ் ஹோராக் வந்தார். ஹோராக்கின் கோடு முரட்டுத்தனமானது, கன்னம் கத்தியால் செதுக்கியதுபோல் இருக்கும். 1984 ஜூலையில் 'அழகியைத் தேடி' என்று பாண்ட் கதையோடுதான் ராணி காமிக்ஸ் தொடங்கியது. அந்த வரிசையைக் கையில் வைத்திருப்பவர்கள் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காரிகன்: 1967 முதல் 1980 வரை அல் வில்லியம்சன். மெல்லிய பேனாக் கோடு, ஈரம் சொட்டும் காடு, கோட் அணிந்த ஆண்கள் நிற்கும் தோரணை, இவை போதும்.

கட்டங்கள் கோணல்மாணலாக, பல அளவில் இருந்தால் மூலம் பிரிட்டிஷ் வார இதழ். இவற்றில் கையெழுத்து அரிது, அலுவலகமே அழித்துவிடும். பாணியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம் ஆல்பங்கள் இந்த விஷயத்தில் நியாயமானவை. ஓவியர் பெயர் அட்டையிலேயே இருக்கும், கட்டத்துக்குள்ளும் இருக்கும். கேப்டன் டைகர் கதைகளில் 'Gir' என்று மூன்றெழுத்துக் கையெழுத்தைத் தேடுங்கள். அது ழான் ஜிரோ. மோபியஸ் என்ற பெயரில் உலகம் கொண்டாடும் அதே மனிதர்.

இத்தாலிய டெக்ஸ் வில்லரை 1948இல் எழுதித் தொடங்கியவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் அவுரேலியோ கல்லெப்பினி. பின்னாளில் டெக்ஸை ஏராளமானோர் வரைந்திருக்கிறார்கள். மூல இதழ் எண் தெரியாமல் ஊகித்து எழுதாதீர்கள். பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விடுவதே மேல்.

ஒரே கதையில் பாதியில் முகம் மாறிவிடுகிறது. அச்சுப் பிழையா?

ஓவியர் இறந்திருக்கலாம்.

மாடஸ்டி பிளைஸியை 1963இல் எழுத்தாளர் பீட்டர் ஓ'டானலோடு தொடங்கியவர் ஜிம் ஹோல்டவே. 1970இல், ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென மறைந்தார். அதே கதையை ஸ்பெயினின் என்ரிக் படியா ரொமேரோ எடுத்துத் தொடர்ந்தார். ஹோல்டவேயின் அடர்ந்த குறுக்குக் கோடுகள் நின்று, வழுவழுப்பான கோடு தொடங்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டலாம். இடையில் வேறு சிலர் வரைந்து, மறுபடி ரொமேரோவிடமே வந்து, தொடர் 2001இல் முடிந்தது. லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் 'கத்தி முனையில் மாடஸ்டி' என்றுதான் பிறந்தது என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இவர் முக்கியம்.

ரிப் கிர்பியிலும் இதுவே நடந்தது. அலெக்ஸ் ரேமண்ட் 1956 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தார். ஜான் பிரென்டிஸ் அந்தப் பாணியைக் காப்பாற்றி 1999 வரை கொண்டுபோனார். ரேமண்டைப் புகழ்பவர்கள் பிரென்டிஸை மறந்துவிடுகிறார்கள். நாற்பது வருடம் இன்னொருவர் கையெழுத்தில் பிசிறில்லாமல் எழுதியவர் அவர். முத்துவில் நாம் படித்தவற்றில் அவர் பங்கு பெரிது.

ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி: இவை ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன?

விசித்திரமாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. ஸ்பைடர் 1965இல் 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியது. எலும்பு முகம், கூர்ந்த காது, குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆக ஆசை. வில்லனே நாயகன், பிற்பாடுதான் மனம் மாறி மற்ற குற்றவாளிகளை வேட்டையாடுவார். தொடங்கியவர் டெட் கோவன். சீக்கிரமே ஜெரி சீகல் எழுதத் தொடங்கினார். ஆம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். கதைகள் தர்க்கத்தைக் காற்றில் விட்டுப் பறப்பதற்கு அவர்தான் காரணம். வரைந்தவர் ரெக் பன். நிழலைத் தட்டையான கறுப்பில் போடாமல் ஆயிரம் பொடிக் கோடுகளால் பின்னுவார். மட்டமான தாளில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொள்ளும், தமிழ்ப் பதிப்பில் பல பக்கங்கள் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். நம் லயன் காமிக்ஸில் வந்த 'எத்தனுக்கு எத்தன்' நல்ல அச்சில் கிடைத்தால் அந்தக் கோடுகளை எண்ணலாம்.

ஆர்ச்சி இன்னும் பழையவன், 1952. முதலில் காட்டுக்குள் திரியும் இயந்திர மனிதன். 1957 முதல் டெட் கியரன் வரைந்தார். கோட்டை வடிவக் கால இயந்திரம், தற்பெருமை பேசும் ரோபோ எல்லாம் பின்னால் சேர்ந்தவை. கியரனைப் பெரிய ஓவியர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் முகபாவமே இல்லாத ஒரு தகர டப்பாவை ஆணவக்காரனாகக் காட்ட அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்ப் பதிப்பில் ஏன் படங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன?

பிரிட்டிஷ் வார இதழின் பக்கம் பெரியது; ஒரு வாரத்துக்கு இரண்டு பக்கம் வரும். அதைச் சின்ன இதழுக்குள் கொண்டுவர, கட்டங்களைக் கத்தரித்து வேறு வரிசையில் ஒட்ட வேண்டும். பெரிய கட்டத்தின் ஓரம் போகும், சில இடங்களில் நீளம் போதாமல் உள்ளூரில் யாரோ கோட்டை இழுத்து நிரப்பியிருப்பார்கள். வாரத் தொடர்களில் முதல் கட்டம் 'முன்கதைச் சுருக்கம்'. புத்தகமாக்கும்போது அது தேவையில்லை என்று எடுத்திருப்பார்கள், நியாயம்தான். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் வசனக் குமிழ் பெருத்துப் படத்தை விழுங்கும். ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்க, கட்டத்தின் எல்லைக்கோட்டைப் பாருங்கள்: ஓவியர் போட்டது ஒரே தடிமனில் ஓடாது, அச்சகத்தில் போட்டது ரூலர் வைத்த கோடு.

நம் ஊர் ஓவியர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். நம்மவர்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். 1960 முதல் தினத்தந்தியில் ஓடும் கன்னித்தீவை முதலில் வரைந்தவர் கணு. வாண்டுமாமா எழுதிச் செல்லம் வரைந்த சித்திரக்கதைகளைத் தேடுவோர் காமிக்ஸ் கட்டுகளைவிடப் பழைய சிறுவர் பத்திரிகைகளின் பைண்டிங் தொகுதிகளில் பார்ப்பது நல்லது. மூட்டை மூட்டையாக அங்கேதான் பதுங்கியிருக்கின்றன.

சுப்பாண்டியின் கதையும் இங்கே சொல்ல வேண்டியது. 1983இல் 'டிங்கிள்' இதழில் ஆங்கிலத்தில் வந்து நாடெங்கும் புகழ்பெற்ற அவனுக்கு மூலம், திருச்சியைச் சேர்ந்த பி. வரதராஜன் எழுதி அனுப்பிய கதைகள். அந்தத் தலையும் அந்த நடையும் ராம் வாயிர்கர் கொடுத்தவை. அமர் சித்திரக் கதையின் முதல் தலைமுறை ஓவியர் அவர்.

கையிலிருப்பது முதல் பதிப்பா, மறுபதிப்பா?

முத்து, லயன் இதழ்கள் வெளியாகும் சிவகாசியில் நிறைய கதைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சாகியிருக்கின்றன. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்று மறுபதிப்புக்கென்றே ஒரு வரிசையும் வந்தது. அட்டையைக் கிழித்துவிட்டு விற்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரியும். உள்ளே பார்க்க வேண்டியவை இவை.

எழுத்து. 1978 அக்டோபரில்தான் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. துதிக்கை வைத்த பழைய லை, ளை, னை, ணை, வளைந்த ணா, றா, னா இருந்தால் பழைய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சகங்கள் உடனே மாறவில்லை என்பதால் 80களின் தொடக்கம் வரை இடம் கொடுங்கள். கணினி எழுத்துரு என்றால் பேச்சே இல்லை, மறுபதிப்பு.

அஞ்சல் குறியீடு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமானது. முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் அந்தத் தாள் அதற்குப் பிறகு அச்சானது. 1972 தொடக்கத்து முத்து என்று சொல்லி விற்கப்படும் இதழில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'அடுத்த வெளியீடு' விளம்பரம். மறுபதிப்பில் இது மாறியிருக்கும். அறிவிக்கப்பட்ட கதை எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்தால் இதழின் மாதமே கிடைத்துவிடும். விலையை மட்டும் நம்பாதீர்கள். விற்காமல் கிடந்த பிரதிகளில் புது விலை ஒட்டப்படுவது உண்டு.

அட்டை கலர் ஜெராக்ஸ் என்று எப்படித் தெரியும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் நிறங்கள் ஒழுங்கான புள்ளி வரிசைகளாக இருக்கும், மை தாளுக்குள் இறங்கியிருக்கும். ஜெராக்ஸில் பொடி தாளின் மேல் உட்கார்ந்து சாய்வெளிச்சத்தில் மினுக்கும். மடிப்பில் உதிர்ந்து வெள்ளை தெரியும். இன்னொரு சோதனை பின் துளை. அட்டையின் துளையும் உள்தாளின் துளையும் நேராக இல்லாவிட்டால் அட்டை எங்கிருந்தோ வந்தது. உள்தாள் பழுத்து அட்டையின் உட்புறம் வெளேரென்று இருந்தாலும் அதே முடிவுதான்.

என்ன விலை கொடுக்கலாம்?

ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். இரண்டு எச்சரிக்கை மட்டும். முதலாவது, 'அரிய இதழ்' என்று கேட்கப்படும் கதை அண்மையில் மறுபதிப்பாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். லயன்–முத்து 2012இல் மீண்டும் முழு வேகத்தில் தொடங்கியபின் எத்தனையோ பழைய கதைகள் நல்ல தாளில் வந்துவிட்டன. படிக்க மட்டும் வேண்டுமென்றால் பழையதற்கு அலைய வேண்டாம். இரண்டாவது, தனியாக ஒரு பிரதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கட்டு கிடைக்கும். சென்னையில் அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணி நடைபாதை, கோவை உக்கடம் போன்ற பழைய புத்தகக் கடைகளில் கட்டாகக் கேளுங்கள். வேண்டாதவற்றை மாற்றிக்கொள்ள ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஈரோடு, சென்னைப் புத்தகக் காட்சிகளில் அப்படிப்பட்டவர்களைச் சந்திக்கலாம்.

பின் துருப்பிடித்துத் தாளைத் தின்கிறது. எடுத்துவிடலாமா?

எடுத்துவிட வேண்டும். நம் கடலோரக் காற்றில் துருப்பிடிப்பது நிற்காது. இதழை நடுப்பக்கத்தில் விரித்து வையுங்கள். பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நுழையுங்கள், தாளுக்கு அது கவசம். மழுங்கிய சிறு கத்தியால் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு இதழைத் திருப்பி முதுகுப் பக்கமிருந்து பின்னை நேராக வெளியே இழுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் துளை கிழியும். கால் உள்ளேயே ஒடிந்தால் இடுக்கியால் எடுங்கள். துருப்பொடியை மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். தண்ணீர், எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம்.

பிறகு அதே துளைகள் வழியே சாயமேற்றாத பருத்தி நூலால் ஒரு தையல் போட்டு உட்புறம் முடிச்சிடுங்கள். புதிதாகத் துளை போடாதீர்கள். நூலை இறுக்கினால் தாள் அறுபடும். தாள்கள் நழுவாத அளவு போதும்.

கிழிந்த பக்கத்தைச் செல்லோ டேப் போட்டு ஒட்டலாமா? பழைய டேப்பை எப்படி எடுப்பது?

ஒட்டவே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிறது. பிறகு பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், கறை போகாது. வெள்ளைப் பசையும் கூடாது. காய்ந்தால் விறைத்து, அதன் விளிம்பிலேயே தாள் மறுபடி ஒடியும்.

சரியான வழி: மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். ஸ்டார்ச் மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருபது முப்பது நிமிடம் காய்ச்சி, ஆறியதும் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். மைதா ஸ்டார்ச்சுக்கு ஈடாகாது. அதிலுள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல் நனைத்துக் கிழித்தால் விளிம்பில் நார் நிற்கும், ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. பசை மிகக் குறைவாக. நியூஸ்பிரிண்ட் ஈரத்தில் ஊறினால் அலை அலையாகிவிடும். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், மேலே கனமான புத்தகம்; ஒரு இரவு விடுங்கள்.

பழைய டேப் என்றால், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். தின்னர் ஊற்றினால் கறை இன்னும் பரவும், அச்சு மையும் கரையலாம்.

பூச்சி, பூசணம்?

நம் வீடுகளில் காமிக்ஸின் முதல் எதிரி இராமபாணப் பூச்சி. அச்சையும் தாளையும் மேலோட்டமாகச் சுரண்டித் தின்னும். பாச்சை உருண்டை அதை விரட்டும், கொல்லாது. அந்த வாசனை தாளில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது, மூச்சுக்கும் நல்லதல்ல. குளிர்தான் நல்ல மருந்து. இதழ்களைப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை டேப்பால் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் பனி பையின் வெளிப்புறம் மட்டும் படியும். உடனே திறந்தால் தாள் நனைந்துவிடும். ஃப்ரீசர் முறை பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

பூசணம் வேறு. முதலில் காய வைக்க வேண்டும்: நிழலில், மின்விசிறி நேரடியாகப் படாமல், பக்கங்களைச் சற்று விரித்து. நன்றாகக் காய்ந்தபின் முகக்கவசம் அணிந்து, திறந்தவெளியில், மென்மையான தூரிகையால் வெளிநோக்கித் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் பொடி தாளுக்குள் அப்பிவிடும். கறை தங்கும், அதோடு வாழப் பழகுங்கள்.

எதில், எப்படி வைப்பது?

துணிக்கடைப் பாக்கிங்கில் வருமே, மொறமொறவென்று சத்தமிடும் பாலிப்ராப்பிலீன் பை, அது நல்லது. மெத்தென்று, புது மழைக்கோட்டு வாடை அடிக்கும் பி.வி.சி. உறை கூடாது, அது கசியும் எண்ணெய் மையைப் பிடித்து இழுக்கும். பையில் ஒரு தாள் அட்டையை முதுகெலும்பாக வைக்கலாம், அமிலமற்றதாக இருந்தால். சாதாரண அட்டை என்றால் வைக்காமலே இருங்கள், அதன் பழுப்பு இதழுக்குத் தாவும். சின்ன இதழ்களை நிற்க வைத்தால் வளையும். படுக்கையாக, ஓர் அடுக்கில் பதினைந்து இருபது வரை.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கதவு திறந்தாயிற்று. சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் திறந்த அலமாரியில் இது நடக்காத காரியம். இறுக்க மூடும் 20 லிட்டர் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி, இதழைத் தொடாமல். ஈரம் குடித்ததும் பச்சையாகும் ஆரஞ்சு ரகம் வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. நிறம் மாறியதும் 110–120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.

லேமினேஷன் செய்தால் பிரிக்க வழியே இல்லை. பைண்டிங் செய்யும்போது மூன்று ஓரமும் கத்தியில் போகும், அதோடு கட்டத்தின் கீழே இருந்த தேதியும் போய்விடும். இரண்டும் வேண்டாம்.

ஸ்கேன் செய்வது எப்படி?

தட்டையான ஸ்கேனர், 600 டி.பி.ஐ., 8 பிட் சாம்பல்நிற முறை, டிஃப் கோப்பு. 'கறுப்பு வெள்ளை' முறையைத் தேர்ந்தெடுத்தால் ரெக் பன்னின் பொடிக் கோடுகள் செத்துவிடும். ஏ5 அளவுப் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 17 எம்.பி. வரும், 128 பக்க இதழ் இரண்டு ஜி.பி.யைத் தாண்டும், இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அட்டைக்கும் வண்ணப் பக்கத்துக்கும் 24 பிட் நிறம்.

மறுபக்க அச்சு தெரிகிறதா? பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். அலை அலையான கோலம் தெரிந்தால் அது அச்சுப் புள்ளியும் ஸ்கேனர் புள்ளியும் மோதுவது. 600இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, சரிபாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். முதுகு ஒடிய அழுத்தாதீர்கள். பின்னை எப்படியும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தைப்பதற்கு முன் ஸ்கேனை முடித்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்ததை இணையத்தில் போடலாமா?

முழு இதழைப் போட முடியாது. இந்தியாவில் எழுத்தாளர் அல்லது ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1995இல் மறைந்த பிளாஸ்கோவின் படங்கள் இன்னும் உரிமைக்குள் இருக்கின்றன. பழைய ஃப்ளீட்வே பாத்திரங்களில் 1970க்குப் பிந்தையவற்றை 2016இலும் முந்தையவற்றை 2018இலும் வாங்கியது ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். ஸ்டீல் க்ளா, ஸ்பைடர் தொகுதிகளை ஓவியர் பெயரோடு மறுபதிப்பும் செய்துவருகிறது. தமிழ் உரிமை சிவகாசிப் பதிப்பகத்தின் வியாபாரம். ஒரு கட்டத்தை எடுத்துக்காட்டி, யார் வரைந்தது, எதனால் அப்படிச் சொல்கிறோம் என்று எழுதுவது வேறு. விமர்சனத்துக்கு அளவோடு மேற்கோள் காட்டச் சட்டத்தில் இடமுண்டு.

என் பிரதியில் கடைசி இரண்டு பக்கம் இல்லை. என்ன செய்ய?

இன்னொருவர் பிரதியிலிருந்து அந்த இரண்டு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, தனித்தாளாக இதழுக்குள் செருகிவையுங்கள். தைக்கவோ ஒட்டவோ வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் 'நகல்' என்று எழுதிவிட்டால், நாளைக்கு அது உங்கள் கையைவிட்டுப் போகும்போது வாங்குகிறவர் ஏமாற மாட்டார். நகலை எடுக்கும் முன் அவருடையதும் உங்களுடையதும் ஒரே பதிப்புதானா என்று லை, னைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பில் பக்க எண் ஒன்றிரண்டு தள்ளிப்போயிருக்கும்.